ஓங்கிலோடு நீந்தப் போகும் டெல்டாக்காரர்களுக்கு: பம்புசெட் தொட்டியிலிருந்து ஆழ்கடல் வரை

டால்பின் என்று சொன்னாலும் நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் மீனவர்களுக்குப் புரியும். அவர்கள் வாயில் இயல்பாக வருகிற பெயர் ஓங்கில். விடியற்காலையில் வலை வாங்கும்போது படகுக்குப் பக்கத்தில் முதுகு காட்டிப் போகும். அப்படியென்றால் இங்கேயே கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்துவிடலாமே என்று புதியவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அது முடியாது. காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல், சேற்றுத் தரை, ஓயாமல் கலக்கும் கரையலை எல்லாம் சேர்ந்து நம் கரையோர நீரைப் பெரும்பாலான நாட்களில் கலங்கலாகவே வைத்திருக்கும். நீட்டிய கை தெரியாத தண்ணீரில் ஓங்கில் பக்கத்திலேயே போனாலும் உங்களுக்குத் தெரியாது. செவுள்வலையும் தெரியாது, அதுதான் இன்னும் ஆபத்து. மீன்பிடிப் படகுகள் பயணிகளை ஏற்றுவதற்காகப் பதிவு செய்யப்பட்டவை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். தெரிந்த படகுக்காரரிடம் "அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டு அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓங்கில் முதல் அட்டவணை உயிர், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. அந்தச் சட்டம் வேட்டை என்று சொல்வதில் கொல்வது, பிடிப்பது மட்டும் இல்லை, விரட்டுவதும் அடக்கம். படகை விட்டுத் துரத்திப் படம் எடுப்பது விளையாட்டு ஆகாது. ஓங்கிலை அடைத்து வைத்து வித்தை காட்டும் கூடங்களுக்கும் 2013 முதல் இந்தியாவில் அனுமதி இல்லை. ஆகவே பார்க்க வேண்டுமென்றால் அது வாழும் கடலுக்கு நாம்தான் போக வேண்டும்.

எங்கே போவது

ஓங்கில் இருக்கும் எல்லாக் கடலிலும் அதனோடு நீந்த விடுவதில்லை. ஹவாய்த் தீவுகளில் 2021 முதல் சுழல் ஓங்கிலுக்கு (துள்ளிச் சுழலும் ஸ்பின்னர் டால்பின்) 50 கெஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள் நீந்தக்கூடாது, படகும் நெருங்கக்கூடாது. நியூசிலாந்தின் கைகோராவில் உரிமம் பெற்ற படகுகள் கருநிற ஓங்கில் கூட்டங்களுக்கு அருகில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. எகிப்தின் செங்கடலில் மர்சா ஆலம் ஊருக்கு அருகே சமதாய் என்ற குதிரைலாட வடிவப் பவளத்திட்டு இருக்கிறது. அங்கே ஓங்கில் ஓய்வெடுக்கும் உட்பகுதிக்குள் மனிதர் நுழையவே கூடாது. அடுத்த பகுதியில் நீந்தலாம், படகுகள் வெளிப்பகுதியில் மட்டும் நிற்கலாம். மொரீஷியஸின் மேற்குக் கரையில் தமரின் விரிகுடா காலைப் படகுகளுக்குப் பேர்போனது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டு நடப்பிலுள்ள விதியை அந்நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். படகு முகவர் சொல்வதை மட்டும் நம்பினால் போதாது.

நமக்குக் கிட்டத்தில் இலங்கை இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து சாலை வழியாகத் திருகோணமலைக்குப் போனால் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்கா ஆன இடம், பவளப்பாறைக்கு மேல் ஸ்நார்கெல் செய்யலாம் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் மாட்டி, வாயில் மூச்சுக்குழாய் வைத்துக் குப்புற மிதந்து பார்ப்பது), மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. மேற்குக் கரையில் கற்பிட்டியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சுழல் ஓங்கில் பெருங்கூட்டமாக வரும். இலங்கையில் ஓங்கிலைப் படகில் இருந்தபடி பாருங்கள், பாறைமீனைத் தண்ணீருக்குள் இறங்கிப் பாருங்கள். முதல் பயணத்துக்கு அதுவே தாராளம். தமிழிலேயே பேசிக் காரியம் முடித்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

வளைகுடாவில் உறவினர் இல்லாத வீடு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் பக்கம் குறைவு. ஓமான் போகிறவர்களுக்கு மஸ்கட்டிலிருந்து காலை ஓங்கில் படகுகள் உண்டு. அதே பயணத்தில் தைமானியத் தீவுகளில் ஸ்நார்கெலும் பார்த்துவிடலாம்.

ஆற்று நீச்சல் வேறு, இது வேறு

அரசலாற்றிலும் வெண்ணாற்றிலும் வாய்க்காலிலும் நீந்தி வளர்ந்தவர்களுக்கு உடம்பில் ஊறிய பழக்கங்கள் சில உண்டு. தலையைத் தூக்கி வைத்துக்கொண்டே நீந்துவது, கையால் தண்ணீரை அறைவது, படித்துறையிலிருந்து தொபுக்கென்று குதிப்பது. எதிர்நீரில் ஏற அது உதவும். ஓங்கிலிடம் அதே பழக்கம் வேலையைக் கெடுக்கும். தண்ணீரை அறையும் சத்தம் கேட்டதும் அது விலகிவிடும். தலை தூக்கி நீந்துகிறவருக்குக் கால் கீழே போய்ப் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். இங்கே தேவையான திறமை ஒன்றுதான்: முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, வாயால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் குப்புற மிதப்பது. கடப்பாறை நீச்சல் மட்டும் தெரிந்தவர்கள் முதலில் மிதக்கக் கற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு போகலாம். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்று ஆழ்கடலில் இறங்கக்கூடாது.

கருவி

மாஸ்க் வாங்கும்போது பட்டையைப் பின்னால் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள். கை எடுத்த பிறகும் ஐந்து விநாடி விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்கானது. விழுந்தால் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். பலர் ஒழுகுகிறது என்று மேலும் இறுக்குவார்கள், விளிம்பு மடங்கி மேலும் ஒழுகும். மீசை அடர்த்தியாக இருந்தால் மேலுதட்டு வழியாக நீர் கசியும். விளிம்பு படும் இடத்தில் மட்டும் மூக்குக்குக் கீழே ஒரு நூல் அளவு மழித்துவிட்டால் போதும், மீசையைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. பயண நாளன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். பட்டை வழுக்கும், எண்ணெய் இறங்கிக் கண்ணாடியை மங்க வைக்கும், கடலிலும் படலமாக மிதக்கும்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் ஒன்று இருக்கும். வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் தடவி விரலால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினால்தான் ஆவி படிவது குறையும். கண்ணாடிக்கு மட்டும் இந்த வைத்தியம், பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். இறங்குவதற்கு முன் உள்ளே எச்சில் துப்பித் தேய்த்து லேசாக அலசுவது எங்கும் நடக்கிற வழக்கம். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை போட்ட வாயோடு அதைச் செய்ய வேண்டாம். தண்ணீர் கலந்த குழந்தை ஷாம்பு ஒரு சொட்டும் அதே வேலையைச் செய்யும்.

ஸ்நார்கெல் குழாய் ஒரு முழத்துக்குக் குறைவாகவே, சுமார் 40 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நீளமாக இருந்தால் இன்னும் வசதி என்று தோன்றும். ஆனால் நீளம் கூடக்கூட, விட்ட மூச்சே குழாயில் தங்கித் திரும்ப உள்ளே வரும். முகம் முழுக்க மூடும் புதுவகை மாஸ்க் அழகாக இருக்கிறதென்று வாங்குகிறார்கள். அதில் சிலவற்றில் கெட்ட காற்று தேங்குகிறது, அவசரத்தில் வாயிலிருந்து துப்பிவிட முடியாது, கழற்றுவதும் சிரமம். மாஸ்க் தனி, குழாய் தனி என்ற பழைய இரட்டை அமைப்பே நல்லது.

ஃபின் என்கிற வாத்துக்கால் காலில் இறுக்கமாக, ஆனால் விரல் மரத்துப்போகாமல் இருக்க வேண்டும். தொடங்குகிறவர்களுக்குக் குட்டையானது போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் கிடைக்குமா என்று கேளுங்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் குறைந்த பவர் உள்ளவர்கள் சும்மாவே சமாளிக்கலாம்.

உடை: முழுக்கை லைக்ரா சட்டை, கால் மூடிய லெக்கிங்ஸ். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதுவே. வெயிலும் காக்கும், சொறிமீனும் பாதி தடுக்கப்படும். நைட்டி, சுடிதார் துப்பட்டா, வேட்டி, லுங்கி எல்லாம் காலில் சுற்றி இழுக்கும். கொலுசு, மெட்டி, வளையல் கரையிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் இல்லாதவர்கள் லைக்ரா சட்டைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்ளலாம்.

பம்புசெட் தொட்டியில் பாடம்

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு தொடங்குங்கள். முதல் பாடத்துக்கு நம் ஊரைப் போல வசதி வேறெங்கும் இல்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு, தொட்டியில் இடுப்பளவு ஆழம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, மெயினையும் அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மின்கசிவில் உயிர் போன கதைகள் ஊருக்கு ஒன்று இருக்கிறது. பாசியைத் தேய்த்துவிடுங்கள், துணைக்கு ஒருவர் கரையில் நிற்கட்டும்.

முதல் நாள் மாஸ்க்கும் குழாயும் மட்டும். நின்றபடி குனிந்து முகத்தை நீரில் வைத்து வாயால் ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். மூக்கு அடைபட்டதும் மூளை பதறும், முதல் ஒரு நிமிடம் நெஞ்சு அடிக்கும். அது அடங்கும்வரை வேறெதுவும் செய்யாதீர்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வையுங்கள்: மூன்று எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விடுவது.

இரண்டாம் பாடம், குழாயில் நீர் புகுந்தால் துப்புவது. தலையை முழுக்க அமிழ்த்திக் குழாயை நிரப்பி, மேலே வந்ததும் 'தூ' என்று ஒரே ஊதலில் வெளியே தள்ளுங்கள். மெதுவாக ஊதினால் நீர் பாதியில் நின்று திரும்பித் தொண்டைக்குள் வரும். ஊதிய பிறகு முதல் மூச்சை எச்சரிக்கையாக, சிறிதாக இழுக்க வேண்டும், மிச்சம் ஏதாவது இருக்கும். இதையே இருபது முறை செய்யுங்கள். கடலில் பதற்றம் தொடங்குவது பெரும்பாலும் இந்த ஒரு மடக்கு உப்புநீரில்தான்.

மூன்றாவது, மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் வெளியேற்றுவது. மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, மூக்கால் நீளமாக ஊதினால் கீழ்விளிம்பு வழியாக நீர் வெளியேறும்.

ஃபின் பழக நீச்சல் குளம் வேண்டும். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதித்தால் நுரைதான் வரும், ஆள் நகரமாட்டார். ஃபின் நீருக்கு மேலே வராமல் உதைக்கப் பழகுங்கள். அந்தச் சத்தமின்மைதான் கடலில் உங்களுக்கு ஓங்கிலைக் கொண்டுவந்து காட்டும். நிற்காமல் 200 மீட்டர், பிறகு கை கால் அசைக்காமல் பத்து நிமிடம் மிதவை. இரண்டும் மூச்சு வாங்காமல் முடிந்தால் நீங்கள் தயார்.

மேட்டூர் திறந்து ஆறு நிறைய ஓடும்போது காவிரியிலோ கொள்ளிடத்திலோ பயிற்சி வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று ஊர்க்காரர்களுக்கே தெரிவதில்லை. வேகவேகமாகப் பல மூச்சு இழுத்துவிட்டு மூச்சடக்கி முங்கும் பந்தயமும் கூடாது. மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும்.

இதய நோய், வலிப்பு, கட்டுக்குள் வராத ஆஸ்துமா, காதில் அறுவைச் சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். சளி பிடித்திருந்தாலும் ஒத்திப்போடுங்கள்.

படகைத் தேர்ந்தெடுப்பது

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் தண்ணீரில் இறங்குவார்கள்? எட்டுக்கு மேல் என்றால் யோசியுங்கள். வழிகாட்டி கூடவே இறங்குவாரா, படகிலிருந்து கை காட்டுவாரா? நீந்துபவர்கள் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சின் நிலை என்ன? ஒரு கூட்டத்தைச் சுற்றி ஏற்கெனவே படகுகள் நின்றால் என்ன செய்வீர்கள்? "ஓங்கில் கட்டாயம் காட்டுவோம், தொடக்கூட விடுவோம்" என்று சொல்பவரிடமிருந்து முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். அந்த உறுதிமொழியைக் காப்பாற்ற ஒரே வழி துரத்துவதுதான். காற்று மீறினால் பயணத்தை ரத்து செய்கிறவரும், எதுவும் தென்படாவிட்டால் பாறைத்திட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்கிறவரும் நம்பத் தகுந்தவர்கள்.

முந்தைய இரவும் காலையும்

முந்தைய இரவு பிரியாணி வேண்டாம். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், நெய் மிதக்கும் பொங்கலும் வேண்டாம். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் டிகிரி காபி குடித்துவிட்டு ஏறியவர்தான் முதலில் படகின் ஓரத்தைப் பிடிப்பார். பேருந்தில் குமட்டல் வருகிறவர்கள் மருத்துவர் சொல்லும் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு அது வேலை செய்யாது. பிச்சாவரத்திலோ முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலோ படகில் போய் வந்ததை வைத்து உங்கள் வயிற்றை எடைபோடாதீர்கள். அங்கே காயல் நீர், கடலில் போலப் படகை அலை தூக்கிப் போடாது. படகில் பின்பகுதியில் நடுவே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், கைபேசியைக் குனிந்து பார்த்தால் தலை சுற்றும்.

கடலில்

பெரும்பாலான படகுகள் அதிகாலையில் கிளம்புவதற்குக் காரணம் உண்டு. சுழல் ஓங்கில் இரவெல்லாம் ஆழ்கடலில் சிறுமீனும் கணவாயும் வேட்டையாடிவிட்டு, விடிந்ததும் மணல்தரை உள்ள விரிகுடாக்களுக்கு ஓய்வெடுக்க வரும். வெளிர் மணலுக்கு மேல் சுறா வந்தால் தெரிந்துவிடும். மூளையின் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருக்கும். ஆகவே நெருக்கமாகச் சேர்ந்து, மெதுவாக, ஒரே சீராக மேலே வந்து கீழே போகும் கூட்டம் தூங்குகிற கூட்டம். அங்கே இறங்கவே கூடாது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் வீட்டு வாசலில் மேளம் அடித்தால் எப்படியோ அப்படி. குட்டி இருந்தாலும் அதே விதி. தாமாகப் படகை நோக்கி வருகிற, படகின் முன்மூக்கு எழுப்பும் அலையில் சறுக்கி விளையாடுகிற கூட்டமே உங்களுக்கானது.

நல்ல ஓட்டுநர் கூட்டத்தின் குறுக்கே போகமாட்டார். பக்கவாட்டில், அதே வேகத்தில் இணையாகப் போய், கொஞ்சம் தள்ளி எஞ்சினை நியூட்ரலில் வைப்பார். வழிகாட்டி சொல்லும்வரை யாரும் இறங்கக்கூடாது. இறங்கும் வரிசை: ஃபின் மாட்டிப் படகு ஓரத்தில் உட்காருவது, மாஸ்க், குழாய், ஒரு கை மாஸ்க் மேல், பிறகு சறுக்கி நழுவுவது. குதித்தால் சத்தமும் வரும், மாஸ்க்கும் கழன்று போகும். இறங்கியதும் உடனே முகத்தை உள்ளே வைத்துப் பத்து மூச்சு விடுங்கள். கீழே அடி தெரியாத நீலம் கண்ணில் பட்டதும் பலருக்கும் பயம் வரும், வழிகாட்டியின் ஃபின்னைப் பார்த்தபடி இருந்தால் அது அடங்கும்.

கை இரண்டும் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். கண்ணால் தேடுவதற்கு முன் காதால் கேளுங்கள்: கதவு கிறீச்சிடுவது போன்ற டிக்டிக் ஒலியும் சீழ்க்கையும் நெருங்கி வரும். அது உங்களை ஒலியால் துழாவிப் பார்க்கிறது. வந்தால் ஒரு நிமிடம், நன்றாகக் கவனித்தால் மூன்று நிமிடம். தொடாதீர்கள், தோலில் கீறலும் கிருமியும் இரண்டு பக்கமும் போகும். மேலிருந்து அதன்மேல் முங்காதீர்கள். போய்விட்டால் பின்தொடராதீர்கள். அது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் பாயும், நீங்கள் ஃபின்னோடு 3 கிலோமீட்டர். துரத்துகிறவர் தன்னோடு இறங்கியவர்களிடமிருந்து விலகிப்போவதுதான் மிச்சம். வாலால் நீரை அடித்தாலோ, தாடையைச் சட்டென்று மூடி ஓசை எழுப்பினாலோ, கூட்டம் திடீரென்று திசை மாற்றினாலோ போதும் என்று அர்த்தம். படகுக்குத் திரும்புங்கள்.

தவறு நடக்கும் இடங்கள்

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஃபின்னின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து முழங்காலை நேராக்குங்கள், அரை நிமிடத்தில் விடும். பதறினால் மல்லாந்து மிதந்து குழாயைத் துப்பிவிடுங்கள். மாஸ்க்கை நெற்றிக்குத் தூக்காதீர்கள், அலை அடித்துக்கொண்டு போய்விடும். படகு தூரத்தில் தெரிந்தால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி ஒரு கையைத் தூக்கி வீசுங்கள். நலமாக இருக்கிறேன் என்பதற்கு உச்சந்தலையில் கை வைப்பது பொது வழக்கம், ஆனால் இறங்கும் முன் வழிகாட்டியின் சைகைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ஓங்கிலைப் பார்த்த மகிழ்ச்சியில் கையை வீசினால் ஆபத்து என்று ஆள் குதித்துவிடுவார்.

சொறிமீன் பட்டால் கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் நூல்களை இடுக்கியால் எடுங்கள். மணல் தேய்ப்பதும் நன்னீர் ஊற்றுவதும் கொட்டும் செல்களை இன்னும் வெடிக்க வைக்கும். பிறகு தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் இருபது நிமிடம். மூச்சுத் திணறல் வந்தால் நேரே மருத்துவமனை.

படகு ஏணியில் ஒருவர் ஏறி முடிக்கும்வரை அடுத்தவர் கீழே நிற்கக்கூடாது. ஃபின்னை நீரிலேயே கழற்றி மேலே கொடுத்துவிட்டு ஏறுங்கள், ஆனால் ஏணியைப் பிடித்த பிறகே கழற்ற வேண்டும். வெதுவெதுப்பான கடலிலும் அரை மணி நேரத்தில் குளிர் எடுக்கும். உதடு நடுங்கத் தொடங்கினால் அடுத்த முறை இறங்க வேண்டாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு கருவிகளை அதே பம்புசெட் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு பழுத்துக் கெட்டியாகும். காதில் நீர் அடைத்திருந்தால் தலையைச் சாய்த்துக் காத்திருங்கள், பஞ்சும் கொண்டை ஊசியும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, கடலுக்கே போகாதவர்களுக்கும் பயன்படும். நம் கரையில் ஓங்கில் உயிரோடு ஒதுங்கிக் கிடந்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், உடனே கடலுக்குள் தள்ளவும் முயலாதீர்கள், பெரும்பாலும் திரும்பி வந்து ஒதுங்கும். வயிறு தரையில் படும்படி நிமிர்த்தி வைத்து, ஈரத்துணி போர்த்தி, நிழல் கட்டுங்கள். உச்சந்தலையில் உள்ள மூச்சுத்துளையைத் துணி மூடக்கூடாது, அதற்குள் ஒரு சொட்டு நீரும் போகக்கூடாது. கூட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறைக்கோ, கடலோரக் காவல் குழுமத்தின் 1093 எண்ணுக்கோ சொல்லுங்கள்.